பன்னிரண்டு பல், இருபது பல்

தங்கச்சிமடத்தில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பிரெசில்லாவிடம் யாராவது ஒரு பெட்டியை நீட்டினால், அவள் கண் முதலில் போவது நீட்டுகிற கைக்குத்தான். விரல் எந்த மூலையை மறைக்கிறது என்று பார்ப்பாள். பிறகுதான் பெட்டி. ஒட்டுநாடா ஒரு தடவை பிரித்து ஒட்டியதா, உள்ளே சுற்றியிருக்கும் தாள் கசங்கியிருக்கிறதா, சாமானில் பழைய டீசல் வாசனை அடிக்கிறதா, எல்லாம் பார்த்து முடித்த பின்னால்தான் "ம், சொல்லுங்கண்ணே" என்பாள். கரையில் அவளுக்கு 'ஸ்கேன் மிஷின்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அது அவளுக்கும் தெரியும்.

பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவள் இல்லை. ராமநாதபுரத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, அப்பா சந்தனம் நெஞ்சுவலியில் போய்ச் சேர, இருபத்துமூன்று வயதில் கடையில் வந்து உட்கார்ந்தாள். அந்த மாதமே ஓர் ஆள் நாசில் பெட்டி ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தான். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற சின்னச் சாமான் அது. "சைஸ் சேரலம்மா, பிரிக்கவேயில்ல" என்றான். அவளும் வாங்கி அப்படியே அலமாரியில் வைத்தாள். நாலாம் நாள் அதே பெட்டி ஒரு விசைப்படகுக்குப் போனது. உள்ளே இருந்தது தேய்ந்து ஓய்ந்த பழைய நாசில். படகு நடுக்கடலில் ஒரு நாள் முழுக்க நின்றது. இழுத்துவந்து கரை சேர்த்த பின், அந்தப் படகு டிரைவர் நேராகக் கடைக்கு வந்தார். எண்ணெய்க் கையோடு நாசிலை மேசைமேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் அவள் மறந்திருப்பாள்.

அந்த டிரைவர் பெயர் ஜெயபால். இரண்டு வருஷம் கழித்து அவரைத்தான் அவள் கல்யாணம் செய்துகொண்டாள். ஆனால் அந்தப் பார்வை அவளை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து பிரிக்காமல் எதையும் வாங்குவதில்லை, பிரித்துக் காட்டாமல் எதையும் விற்பதுமில்லை.

பொம்மை பிளாக்குகள் அவள் வாழ்க்கைக்குள் வந்தது 2023 ஜூனில். மஸ்கட்டில் இருக்கும் தங்கை அனிட்டா விடுமுறைக்கு வந்துவிட்டுப் போகும்போது, பெட்டியில் எடை கூடுகிறதென்று ஒரு பை நிறைய பிளாக்குகளையும், ஓடாமல் போன ஒரு குட்டி ரயிலையும் விட்டுப் போனாள். ஓடாத மோட்டாரைக் கண்டால் பிரெசில்லாவுக்குக் கை சும்மா இருக்காது. கழற்றிப் பார்த்தாள். பேட்டரி தொடுகிற தகட்டில் பச்சை பூத்திருந்தது, அவ்வளவுதான். சுரண்டிவிட்டதும் ரயில் ஓடியது. ஓடியதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"இதா இன்ஜினு? தீப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டுன மாதிரி இருக்கு."

கடைக்குப் பின்னால் முந்நூறு அடியில் ராமேஸ்வரம் தண்டவாளம். பாம்பன் பழைய பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்று அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. வண்டியெல்லாம் மண்டபத்தோடு திரும்பிக்கொண்டிருந்தன. அதற்கு முன் பதினைந்து வருஷமாக அந்தப் பெரிய டீசல் இன்ஜின் அவள் கடையைத் தாண்டிப் போயிருக்கிறது. அதற்கு ஆறு அச்சு, ஆறு ஜோடிச் சக்கரம். முன்னால் மூன்று, பின்னால் மூன்று, தனித்தனிச் சட்டத்தில். அந்த ஆறும் இருந்தால்தான் இன்ஜின் என்பது அவள் கட்சி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பியிருந்ததால் கடையில் கூட்டம் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே பிளாக்குகளைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் கட்டியது அசையவேயில்லை. இரண்டு மோட்டார் வைத்திருந்தாள். முன் மோட்டார் முன்னால் இழுத்தது, பின் மோட்டார் பின்னால் இழுத்தது, இன்ஜின் நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தால், வளைவில் நடு அச்சு தண்டவாளத்தின்மேல் ஏறியது. நடு அச்சுக்கு மட்டும் பக்கவாட்டில் கொஞ்சம் நகர இடம் விட்டாள். அது தீர்ந்ததும் இன்னொன்று கிளம்பியது. வலது வளைவில் அழகாகத் திரும்பிய இன்ஜின், இடது வளைவில் ஒவ்வொரு தடவையும் குப்புற விழுந்தது.

இதற்கு மட்டும் பதினோரு வாரம் ஆனது. மோட்டார் மேலே, இன்ஜின் வயிற்றுக்குள் இருந்தது. அதிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாக இறங்கி, அடிச்சட்டத்தின் நடுவே நுழைந்து சக்கரத்தைச் சுற்றியது. தண்டு சுற்றும்போது சட்டத்தையும் தன்னோடு சேர்த்துத் திருப்பப் பார்க்கிறது என்பது அவளுக்குப் பத்தாவது வாரம்தான் பிடிபட்டது. படகில் வேகத்தைக் குறைக்கிற கியர் இன்ஜினை ஒட்டியே இருக்கும், அதற்கப்புறம்தான் தண்டு. தொழில் பழக்கத்தில் இங்கேயும் அவள் கியரை மேலேயே வைத்திருந்தாள். அதனால் தண்டு மெதுவாக, ஆனால் முரட்டு பலத்தோடு இறங்கியது. கியரைத் தூக்கிக் கீழே அச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். பன்னிரண்டு பல் சக்கரம் இருபது பல் சக்கரத்தைச் சுற்ற, தண்டு வேகமாகவும் பலம் குறைந்தும் இறங்கியது. இன்ஜின் இடது வளைவில் திரும்பியது. ஐந்து பெட்டியை மாட்டினாள். இழுத்தது. கடையில் பெல்ட் வாங்க நின்றவரைக்கூடக் கவனிக்காமல் நாலு சுற்று ஓடவிட்டாள்.

பிளாக்கில் ரயில் கட்டுகிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. சென்னை, கோவை, பெங்களூர் ஆட்கள். அதில் சேர்ந்து ஒரு படம் போட்டாள். 2024 நடுவில் அந்தக் குழுவிலிருந்து ஒருவன் தனியாக எழுதினான். "அக்கா, நானும் ராம்நாடு மாவட்டந்தான். கடலாடி. பேரு முத்துகிருஷ்ணன். இ-சேவை மையம் வச்சிருக்கேன். உங்க இன்ஜின படிப்படியா கம்ப்யூட்டர்ல வரைஞ்சு தரட்டுமா? எங்கிட்ட பிளாக் எதுவும் கெடையாது. வரைய மட்டும் தெரியும்."

அவள் ஒரு மாதம் யோசித்துத்தான் சரி என்றாள். பிறகு வாரம் இரண்டு தடவை பேசினார்கள். அவள் இன்ஜினை ஒவ்வோர் அடுக்காகக் கழற்றிப் படமெடுத்து அனுப்புவாள். அவன் வரைந்து அனுப்புவான், அவள் திருத்துவாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

ஜெயபாலுக்கு அதுவே உறுத்தியது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தக் கடலாடிக்காரன் மூஞ்சியப் பாத்திருக்கியா நீ?"

"இல்ல. எதுக்குப் பாக்கணும்?"

"ஒரு ஆயில் சீல் வாங்க வாரவன்ட்ட அம்புட்டுக் கேள்வி கேக்குற. மூஞ்சி தெரியாத ஆளுக்கு அடிவயிறு வரைக்கும் பிரிச்சுக் காட்டுற. கேட்டேன், அம்புட்டுத்தான்."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். ஆனால் சோற்றில் கல் கடித்த மாதிரி அது உள்ளே கிடந்தது.

2025 ஜனவரியில் குழுவில் யாரோ ஒரு வீடியோவை அனுப்பினார்கள். இருபது விநாடிதான். கோவையில் ஏதோ ஒரு கண்காட்சி. பச்சை நிற டீசல் இன்ஜின் ஒன்று ஆறு பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறது. அப்புறம் ஒரு கை அதைத் தூக்கித் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டுகிறது. செங்குத்துத் தண்டு. சட்டத்தின் நடுவில் நுழைகிறது. அச்சோரம் பன்னிரண்டும் இருபதும். பின்னால் ஒரு குரல், "நம்ம மருதுபாண்டி டிசைனுங்க" என்கிறது. அத்தோடு வீடியோ முடிந்தது.

பிரெசில்லா அதை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. நடு அச்சுக்கு அவள் விட்டிருந்த இடம்கூட அப்படியே இருந்தது. அந்த மருதுபாண்டியை அவளுக்குத் தெரியாது. அடிச்சட்டத்தை உள்ளும் புறமும் அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று கடலாடி.

சந்தேகம் வந்துவிட்டால் பழைய பேச்செல்லாம் எழுந்து வந்து சாட்சி சொல்லும். இரண்டு பிளாக்கைக் கோக்கிற சின்ன ஊசியைப் பற்றி, "இந்த ஊசி இங்க நிக்குமாக்கா, வழுக்கிறாதா?" என்று அவன் ஒருநாள் கேட்டிருந்தான். பிளாக்கே இல்லாதவனுக்கு வழுக்கும் என்று எப்படித் தெரியும்? ஒருமுறை பேசிக்கொண்டிருக்கும்போது அந்தப் பக்கம் மோட்டார் உறுமுகிற மாதிரி கேட்டது, "ஃபேன்க்கா" என்றான். கண்காட்சி பற்றிப் பேச்செடுத்தால் நழுவினான். இதெல்லாம் அப்போது சாதாரணமாகத் தெரிந்தது. இப்போது ஒவ்வொன்றும் பிரித்து ஒட்டின பெட்டியாகத் தெரிந்தது.

நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் இல்லையென்பான், உஷாராகிவிடுவான் என்று நினைத்தாள். அதனால் ஒரு பொறி வைத்தாள்.

அச்சோரப் பல்சக்கரம் வருகிற நூற்றுப் பதினேழாம் படியை மட்டும், படம் போய்விட்டாலும், அவன் இன்னும் வரையவில்லை. அதில் பன்னிரண்டு பல் இருக்க வேண்டிய இடத்தில் இருபதையும், இருபதின் இடத்தில் பன்னிரண்டையும் மாற்றி மாட்டிப் படமெடுத்தாள். கச்சிதமாகப் பொருந்தும். படத்தைப் பார்க்கிற யாருக்கும் குறை தெரியாது. ஆனால் ஓடவிட்டால் இன்ஜின் தனியாகப் பறக்கும், பெட்டி மாட்டினால் திணறும். கோவைக்காரன் அடுத்த வீடியோவில் திணறினால் திருடன் யாரென்று தெரிந்துவிடும். "கடைசியா ஒண்ணு மாத்திருக்கேன் தம்பி, இதான் சரியானது" என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிய பின், போய்ச் சேர்ந்ததா என்று நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தாள். குற்றவாளியைப் பிடிக்கப் போகிற படபடப்பு என்று எண்ணிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் முத்துகிருஷ்ணனே கூப்பிட்டான்.

"அக்கா, நூத்திப் பதினேழுல பன்னெண்டும் இருபதும் மாறிக் கெடக்குக்கா. தனியாப் பறக்குது. மூணு பெட்டி மாட்டுனா இழுக்க மாட்டேங்குது."

"அப்படியா? சரி தம்பி, பாக்குறேன்" என்று போனை வைத்தாள்.

வைத்துவிட்டு அவன் சொன்னதை மறுபடி சொல்லிப் பார்த்தாள். கணக்குப் போட்டுப் பார்த்தவன் 'இழுக்காது' என்பான். 'இழுக்க மாட்டேங்குது' என்கிறவன் கண்ணால் பார்த்தவன். பிளாக்கே கிடையாது என்றவனிடம் இன்ஜின் இருக்கிறது. ஓடுகிறது. பெட்டி வேறு மாட்டியிருக்கிறான்.

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. ஜெயபால் கடலில் இருந்தார். பக்கத்து வலைக்கடையில், ராமநாதபுரத்துக்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். பல் என்ற வார்த்தை வாயில் வந்ததும் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. ராமநாதபுரத்தில் இறங்கிக் கடலாடி பஸ் ஏறினாள். வழி நெடுக இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வண்டி குலுங்கின குலுக்கலில், அவனிடம் கேட்க வேண்டியதை வரிசையாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். முதல் கேள்வி இது, அவன் இப்படிச் சொன்னால் அடுத்தது இது.

தாலுகா ஆபீஸ் பக்கத்தில் இ-சேவை மையம் பூட்டியிருந்தது. டீக்கடையில் விசாரித்தாள். "முத்துவா? வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கும். அந்தா, மொளகா காயுதுல்ல, அந்த வீடுதான்."

வாசல் முழுக்கக் குண்டு மிளகாய் பரப்பியிருந்தது. நெடி மூக்கில் ஏற, முந்தானையால் பொத்திக்கொண்டே உள்ளே எட்டிப்பார்த்தாள். ஒரு பெண் வந்தாள். முத்துகிருஷ்ணனின் மனைவி பானுப்பிரியா.

"யாருங்க? சர்ட்டிபிகேட்டுக்கா? அங்கன ரெண்டு மணிக்குத் தொறந்துருவாக."

"தங்கச்சிமடத்துல இருந்து வாரேன்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துபோனது. "பிரெசில்லாக்காவா! ஐயோ, உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுக்கி வந்த கேள்விகளுக்கு இது தோதாக இல்லை.

உள்ளறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து தண்டவாளம் வெளியே வந்து, ஒரு வளைவெடுத்து, பீரோவைச் சுற்றித் திரும்பியது. அதன்மேல் அவளுடைய இன்ஜின் நின்றது. அளவு, நீளம், ஆறு அச்சு எல்லாம் அதேதான். ஆனால் உடம்பில் ஒரு பிளாக் சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ், ஒன்று கிளிப்பச்சை. கூரையில் ஒட்டகச்சிவிங்கிப் புள்ளி போட்ட பலகை ஒன்று. தட்டோடு எழுந்து நின்ற மெலிந்த ஆள் அவளைப் பார்த்தான், இன்ஜினைப் பார்த்தான். தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"பிளாக்கே கெடையாதுன்னு சொன்னீங்க" என்றாள்.

"வாங்கிட்டேன்க்கா. மதுரையில பழைய பொம்மைய மூட்டையாப் போட்டு விப்பாக, அதுல பொறுக்குனது. வரைஞ்ச படி சரியா வருதான்னு கட்டிப் பாக்காம எப்பிடிக்கா அடுத்தவுகளுக்குக் குடுக்குறது? ஒவ்வொரு படியும் கட்டிப் பாத்துட்டுத்தான் உங்களுக்கு அனுப்புவேன்."

"அத எங்கிட்டச் சொல்ல என்ன?"

அவன் தரையைப் பார்த்தான். பானுப்பிரியாதான் சொன்னாள்: "குரூப்புல யாரோ கலர் கலரா ஒரு வண்டி கட்டிப் போட்டாகளாம். அதப் பாத்துட்டு நீங்க 'திருவிழா பலூன் கடை மாதிரி இருக்கு, இதுக்குக் கட்டாமயே இருக்கலாம்'னு சிரிச்சீகளாம். அன்னையிலருந்து இத வெளிய காட்டவே மாட்டேங்குறாரு."

சிரித்தது உண்மைதான். பிரெசில்லாவுக்கு அது நினைவிருந்தது. ஆனாலும் வந்த காரியத்தை விட மனசில்லை. போனை எடுத்து வீடியோவைக் காட்டினாள். "இது யாரு? இந்த மருதுபாண்டிக்கு எப்பிடிப் போச்சு இது?"

முத்துகிருஷ்ணன் இரண்டு தடவை பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது பயமில்லை, வியப்புதான். "நல்லாக் கட்டிருக்காரேக்கா!" என்றவனுக்கு அப்புறம்தான் அவள் கேட்டதன் அர்த்தம் உறைத்தது. மேசைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். அந்த வீடியோவின் முழு வடிவத்தைத் தேடி எடுத்தான். பன்னிரண்டு நிமிஷம். அதற்குக் கீழே எழுதியிருந்ததை வாய்விட்டு வாசித்தான்: "அடிச்சட்டப் பல்லமைப்பு சொல்லிக் கொடுத்தவர், தங்கச்சிமடம் பிரெசில் சார். அவருக்கு நன்றி."

"நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல."

"ஒரு நிமிசம்க்கா." குழுவின் பழைய செய்திகளை ஒரு வருஷத்துக்கும் பின்னால் தள்ளிக்கொண்டே போனான். 2023 நவம்பர். 'டீசல் பாண்டி' என்ற பெயரில் இதே மருதுபாண்டி கேட்டிருந்தார்: "சார், இடது வளைவுல தடம் இறங்குது, என்ன பண்ணலாம்?" கீழே பிரெசில்லாவின் பதில். ஒன்றில்லை, பதினாலு. ஏழு படங்களோடு, தண்டு எப்படி இறங்க வேண்டும், பல் எங்கே குறைய வேண்டும், நடு அச்சுக்கு எவ்வளவு இடம் என்று ஒன்று விடாமல் அவளே எழுதியிருந்தாள். கடைசி வரி: "தாராளமா செஞ்சுக்குங்க தம்பி."

பிரெசில்லா நாற்காலியில் உட்கார்ந்தாள். தேதியைப் பார்த்ததும் எல்லாம் வந்தது. அந்த நவம்பரில் ஜெயபாலின் படகு திரும்ப வேண்டிய நாளில் திரும்பவில்லை. கடல் கொந்தளிப்பாக இருந்தது. உடன் போன படகுகளெல்லாம் வந்துவிட்டன. ஒன்றரை நாள் தகவலே இல்லை. இன்ஜின் பழுதாகி வேறு கரையில் ஒதுங்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஒன்றரை நாளும் கடையில் உட்கார்ந்து, கையும் மனசும் சும்மா இருந்தால் என்ன நினைப்பு வருமோ என்ற பயத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு எழுதிக்கொண்டேயிருந்தாள். புருஷன் கரை வந்து சேர்ந்ததும் அந்த ஒன்றரை நாளையே மனசிலிருந்து வழித்து எறிந்துவிட்டாள். எழுதியதும் அதோடு போனது.

"நாந்தானா" என்றாள் மெல்ல.

பானுப்பிரியா சோறு போட்டாள். சாப்பிட்டு முடிகிற நேரம் முத்துகிருஷ்ணன் கேட்டான்: "அந்தப் பன்னெண்டும் இருபதும்... கை தவறிப் போச்சாக்கா?"

"ஆமா தம்பி" என்றாள். "கடையில ஆளு நின்னாக. கவனிக்கல."

அவன் தலையாட்டினான். கிளம்பும்போது பானுப்பிரியா ஒரு பை நிறையக் குண்டு மிளகாய் கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவளுக்குக் கண் எரிந்தது. மிளகாய் நெடி என்று பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜெயபால் கரைக்கு வந்த அன்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வலையில் கிழிந்த கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிவில் சொன்னார்: "அன்னைக்கி ஒருத்தன் பழைய நாசில புதுப் பெட்டிக்குள்ள வச்சுக் குடுத்தான். இன்னைக்கி நீ வச்சுக் குடுத்திருக்க. வேற என்ன?"

மறுநாள் கடலாடிக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "தம்பி, கை தவறல. வேணும்னுதான் மாத்துனேன். ஒங்க மேல சந்தேகப்பட்டு."

"தெரியும்க்கா" என்றான். "மத்த படமெல்லாம் ஒரே வெளிச்சத்துல எடுத்தது. அது மட்டும் வேற வெளிச்சம். பல்லு விசயத்துல நீங்க தப்பு பண்ணவும் மாட்டீக."

"அப்ப ஏன் கேக்கல?"

"வீட்டுல வச்சுக் கேட்டேன்லக்கா. ஆமான்னு சொன்னீக."

போன் அணைந்தது. அதற்கப்புறம் அவன் பேசவில்லை. அவள் போட்ட செய்திகளுக்கு நீல டிக் விழும், பதில் வராது. ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து, இரண்டு வருஷத்துக்குமேல் துருப்பிடித்துக் கிடந்த தண்டவாளத்தில் ரயில் வந்தது. கடைக்குப் பின்னால் போய் நின்று, இன்ஜின் அடிச்சட்டம் நன்றாகத் தெரிகிற மாதிரி படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். நீல டிக் மட்டும். இதற்கிடையில் கோவை மருதுபாண்டியிடம் பேசினாள். அவர் பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். குரலைக் கேட்டதும் தடுமாறி, "சாரிங்க சார்... மேடம், இத்தன நாளா சாருன்னே நெனச்சுட்டேன்" என்றார். அவரிடம் அவளுக்குக் கேட்க ஒன்றுமில்லை. பெயரை மட்டும் சரியாகப் போடச் சொன்னாள்.

மே மாதம், தடைக்காலத்தில் கரையிலுள்ள அத்தனை இன்ஜினும் பிரித்துப் போட்டுக் கிடக்க, கடையில் தலைக்குமேல் வேலை. அப்போது கடலாடியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. முந்நூற்று நாற்பத்திரண்டு பக்கம். முழு இன்ஜினும் முதல் பிளாக்கிலிருந்து கடைசி பிளாக் வரை. கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. பிரெசில்லா தன் இன்ஜினை மொத்தமாகப் பிரித்துப் போட்டாள். அவன் வரைந்தபடியே ஒன்பது நாளில் திரும்பக் கட்டினாள். நூற்றுப் பதினேழில் பன்னிரண்டு பன்னிரண்டின் இடத்திலும், இருபது இருபதின் இடத்திலும் இருந்தன. ஆனால் இருநூற்று எட்டாம் பக்கத்தில் ஓர் அச்சு இடம் மாறியிருந்தது. அதைக் கண்டதும் கையிலிருந்த பிளாக்கைக் கீழே வைத்தாள். பதிலுக்கு வைத்திருக்கிறானா? பார்க்கிறேனா, சொல்கிறேனா என்று சோதிக்கிறானா? அரை நாள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டாள். அதிசயமாக எடுத்தான்.

"தம்பி, எரநூத்தி எட்டுல நாலாவது அச்சு..."

அவன் பக்கத்தைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. "ஐயையோ" என்றான். "அக்கா, இது நெசமாவே கை தவறுனதுக்கா. சத்தியமா."

பிரெசில்லாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அந்தப் பக்கமும் ஒரு செருமல் கேட்டது. மனசு முழுக்க ஆறியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று போனை வைக்கையில், "வைக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

ஆகஸ்டில் மதுரையில் நடந்த கண்காட்சிக்கு இரண்டு பேரும் போனார்கள். அவளுடைய நீல இன்ஜின் ஒரு தடத்திலும், அவனுடைய பலநிற இன்ஜின் அடுத்த தடத்திலும் ஓடின. அதைக் கொண்டுவர அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. பானுப்பிரியாதான் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டாள். கூட்டம் நின்றது என்னவோ அதற்கு முன்னால்தான். கோவையிலிருந்து மருதுபாண்டியும் வந்து, பச்சை இன்ஜினை வைத்துவிட்டுக் கும்பிட்டார். பிரெசில்லா பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, கேட்காமலே அந்த இன்ஜினைத் தூக்கித் திருப்பி அடியைப் பார்த்தாள். நடு அச்சுக்கு அவர் சின்னதாக ஒரு ரப்பர் வளையம் சேர்த்திருந்தார். அது அவளுக்குத் தோன்றாதது. "இத எப்பிடி மாட்டுனீக?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது மின்சார இன்ஜின் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவள் படம் அனுப்பினால் முத்துகிருஷ்ணன் வாங்கிக்கொள்கிறான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்கிறான்: "இதுல எதுவும் வச்சிருக்கீகளாக்கா?" இல்லை என்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு, எப்படியும் கட்டிப் பார்த்த பிறகுதான் வரைகிறான். அவளுக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் குறை சொல்லவில்லை. கூரைமேல் கம்பியைத் தொடுகிற அந்த மடக்குக் கைதான் இன்னும் பிடிபடவில்லை. விரித்தால் நிற்கிறது, மடக்கினால் ஒரு பக்கமாகச் சாய்கிறது. கடைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் அதைப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பிரெசில்லா கேட்டுக்கொள்கிறாள், அவர்கள் நீட்டுகிற பெட்டியைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே.